ஜசிந்தா ரீச்சரின் பிள்ளைகளிடம் யார் சொல்வது?

சனிக்கிழமை காலை முற்றத்தில் படங்கு விரித்து நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எடுத்தால் சசிகரன். விசுவமடுவில் எங்கள் பாடசாலைக்குப் பின்புறம் வயல் செய்பவர். அவருடைய மூத்த மகளுக்குத் தரம் ஒன்றில் நான் படிப்பித்திருக்கிறேன். இளையவள் இப்போது ஜசிந்தா ரீச்சரின் முன்பள்ளியில் இருக்கிறாள்.

"ரீச்சர், ஜசிந்தா ரீச்சர் மோசம் போட்டா. விடியப்புறம் நெஞ்சு நோகுதெண்டு சொன்னவாவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுதாம்."

நான் படங்கின் ஓரத்திலேயே இருந்துவிட்டேன். கோழிகள் வந்து நெல்லைக் கொத்தத் தொடங்கின. விரட்டத் தோன்றவில்லை. சசிகரனும் தொலைபேசியை வைக்கவில்லை. அவர் கேட்டார்.

"ரீச்சர், திங்கட்கிழமை பிள்ளையள் வரப்போகினம். அதுகளிட்டை என்னெண்டு சொல்லுறது? ரீச்சர் வெளிநாடு போட்டாவெண்டு சொல்லுவம் எண்டு தாய்மார் கொஞ்சப் பேர் கதைக்கினம். சின்னனுகள்தானே, மறந்திடுங்கள் எண்டு. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"எனக்குத் தெரியேல்லை, தம்பி" என்றேன். பொய் இல்லை, எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. இந்த ஊரில் இப்படியான கேள்வி வந்தால் நாங்கள் எல்லோரும் ஓடிப்போய்க் கேட்கிற ஆள் ஜசிந்தா ரீச்சர்தான். இருபத்தொரு பிள்ளைகள் திங்கள் காலை எட்டு மணிக்கு அவரைத் தேடி வரப்போகிறார்கள். இரண்டு நாள்தான் இருந்தது.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்குச் சொல்வதென்றால், முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, கலியாணம் முடித்து எங்கள் வயற்கரை ஊருக்கு வந்தவர். என்னை விட ஐந்து வயது இளையவர். வீதிக்கு அந்தப் பக்கம் அவருடைய முன்பள்ளி, இந்தப் பக்கம் நான் படிப்பித்த பாடசாலை. நடுவில் ஒரு மதகு மட்டும்தான். ஆனாலும் பல வருடங்களாக அந்த மதகை நான் கடக்கவில்லை. கடந்த முதல் நாளும் சண்டைக்குத்தான் போனேன்.

அந்தச் சண்டைக்குக் காரணம் தரம் ஒன்றில் இருந்த ஒரு பொடியன். அவருடைய முன்பள்ளியில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவன், பென்சிலை அகப்பைக் காம்பு மாதிரிப் பிடிக்கிறான். 'அ' எழுதச் சொன்னால் வட்டம் போடுகிறான். எனக்கு வாயும் நீளம், பொறுமையும் குறைவு. சத்தம் போட்டேன். அவன் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "ரீச்சர், உங்களுக்குக் கோவம் வந்திட்டுது. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாங்கோ" என்றான். முழு வகுப்பும் என்னைப் பார்த்தது. இருபது வருடம் படிப்பித்த எனக்கு ஆறு வயதுப் பொடியன் வைத்தியம் சொல்கிறான். இடைவேளை மணி அடித்ததும் நேரே மதகைக் கடந்தேன்.

அங்கே போய்ப் பார்த்தால் எழுத்து அட்டை ஒன்றும் இல்லை, கொப்பி இல்லை. மூலையில் இரண்டு பிள்ளைகள் ஒரு பனையோலைப் பாயில் முகத்துக்கு முகம் இருந்தார்கள். மற்றவர்கள் மண்ணிலும் தண்ணீரிலும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலிலேயே நின்று தொடங்கினேன். "இது என்ன ரீச்சர் பள்ளிக்கூடம்? ரெண்டு வருசமாப் பிள்ளையளுக்கு என்ன சொல்லிக் குடுத்தனீங்கள்?" அவரும் சும்மா இருக்கவில்லை. "ரீச்சர், நீங்கள் எழுத்துப் பழக்குங்கோ, அது உங்கட வேலை. நான் அதுக்கு முதல் இருக்கிற வேலையைச் செய்யிறன்" என்றார். சத்தம் ஏறியது.

அப்போது இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண் எங்கள் இருவரின் சேலையையும் பிடித்து இழுத்தாள். "ரெண்டு ரீச்சரும் சண்டை பிடிக்கிறியள். சண்டைப்பாயில போய் இருங்கோ." அந்த மூலைப் பாய்க்கு அதுதான் பெயர். ஜசிந்தா ரீச்சர் உடனே போய்ச் சப்பாணி கட்டி இருந்தார். பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்றார்கள். நானும் இருக்க வேண்டியதாயிற்று. சட்டத்தையும் அந்தப் பிள்ளையே சொன்னாள். மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, மற்ற ஆளுக்கு மனதுக்குள் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும், சரியாகச் சொன்னால் எழும்பலாம்.

ஜசிந்தா ரீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னார். "வசந்தா ரீச்சருக்கு அந்தரமா இருக்கு. மார்கழிக்குள்ள முப்பது பிள்ளையையும் எழுத வாசிக்கப் பண்ணோணும். பிழைச்சால் எல்லாரும் அவாவைத்தான் கேப்பினம். அதுக்குள்ள ஒரு பொடியன் எல்லாருக்கும் முன்னால வெக்கப்படுத்திப் போட்டான்." அவர் சொன்னது அப்படியே சரி. என் முறை வந்தது. "ஜசிந்தா ரீச்சர்... நல்லா இருக்கிறா" என்றேன். இரட்டைப் பின்னல் தலையை ஆட்டினாள். "அது பிழை." மணி அடித்துவிட்டது என்று சொல்லி எழும்பி வந்துவிட்டேன். மணி அடித்திருக்கவில்லை.

அந்த வெட்கம்தான் பிறகு என்னைக் கெடுத்தது. அடுத்த மாதம் பொதுநோக்கு மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. பிள்ளைகளை எந்த முன்பள்ளிக்கு விடலாம் என்று கேட்டார்கள். நான் எழும்பி, "பாயில இருத்திக் கதைக்கிறதுக்கு வீட்டில இடம் இல்லையோ? அங்கை விட்டால் தரம் ஒண்டில பின்னுக்குத்தான் நிக்குங்கள்" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கூட்டத்தில் ஜசிந்தா ரீச்சர் பின் வரிசைக் கதிரையில் இருந்ததைக் கண்டுகொண்டுதான் சொன்னேன். இதை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு நா கூசுகிறது.

சந்திக்குக் கிட்ட வேறொரு முன்பள்ளி இருந்தது. அங்கே கொப்பி, வீட்டுவேலை, பரீட்சை எல்லாம் உண்டு. பிள்ளைகள் ஒவ்வொன்றாக அங்கே போனார்கள். முதலில் மாற்றியவர் சசிகரன். மூத்தவள் யதுசாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஜசிந்தா ரீச்சரிடம் நேரிலேயே போய்ச் சொன்னாராம். "எங்கட படிப்பு இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்தே போட்டுது, ரீச்சர். நான் அஞ்சாம் வகுப்போட நிண்டனான். என்ர பிள்ளைக்கும் அப்பிடி ஆகக் கூடாது." அவரைக் குறை சொல்ல முடியாது. இழந்தவனுக்குத்தானே அவசரம் தெரியும். தவணை முடிய ஜசிந்தா ரீச்சரிடம் எட்டுப் பிள்ளைகள் மிஞ்சினார்கள். முன்பள்ளியையே மூடப்போகிறார்கள் என்றும் கதை அடிபட்டது.

என்னைத் திட்ட வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்தார். கையில் ஒரு பழைய கொப்பியும் பேனாவும் இருந்தன. "ரீச்சர், ஒரு உதவி. தரம் ஒண்டுக்கு வந்த புதுசில பிள்ளையள் ஏன் ஏன் அழுறதுகள் எண்டு எனக்குச் சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சொல்லிக்கொண்டே போனேன். தாய் வாசலில் இருந்து மறைந்தால் அழும். சாப்பாட்டுப் பெட்டி திறக்க முடியாவிட்டால் அழும். கழிப்பறைக்குப் போகக் கேட்கப் பயந்து, இருந்த இடத்திலேயே போய்விட்டு அழும். அழிறப்பர் காணாமல் போனால், வரிசையில் தள்ளிவிட்டால், மணிச் சத்தம் பெரிதாகக் கேட்டால், பக்கத்துப் பிள்ளை அழுதால். நான்கு பக்கம் எழுதினார். "எழுத்துத் தெரியேல்லை எண்டு ஆரும் அழுறேல்லையோ?" என்று கடைசியில் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். முதல் மாதத்தில் அப்படி அழுத பிள்ளை ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அதை அவரிடம் ஒப்புக்கொள்ள மனம் வராமல் தேநீர் போட எழும்பிவிட்டேன்.

அந்த வருடம் முழுவதும் எட்டுப் பிள்ளைகளோடு அந்த நான்கு பக்கத்தையும் அவர் விளையாட்டாகச் செய்தார். சாப்பாட்டுப் பெட்டி திறக்கப் போட்டி வைத்தார். திறக்க முடியாவிட்டால் உதவி கேட்பதற்கும் போட்டி வைத்தார். பொம்மையைத் தொலைத்துவிட்டு, அது இல்லாமல் இருப்பது எப்படி என்று பிள்ளைகளோடு கதைத்தார். இரண்டு முறை எட்டுப் பேரையும் எங்கள் பாடசாலைக்குக் கூட்டி வந்து கழிப்பறையையும் மணியையும் காட்டினார். மணியை ஒவ்வொருவரும் ஒருமுறை அடித்துப் பார்த்தார்கள். அதிபர் என்னிடம், "இவவுக்கு என்ன, விசரே?" என்று கேட்டார். நானும் ஓம் போட்டேன்.

பிறகு கால்கோள் விழா வந்தது. தரம் ஒன்றுக்கு வரும் பிள்ளைகளை மாலை போட்டு வரவேற்கும் அந்த விழா எங்களுக்கு எப்போதும் பெரிய தலையிடி. மேளம் அடித்து, மாலை போட்டு, மண்டபத்தில் இருத்தி, பெற்றோரை வெளியே அனுப்பும் அந்த நிமிடத்தில் ஒரு பிள்ளை தொடங்கும், முப்பதும் சேர்ந்து கத்தும். அந்த வருடமும் அப்படித்தான் தொடங்கியது. முதலில் தொடங்கியவள் யதுசா. கொப்பி முன்பள்ளியில் முதலாம் பிள்ளை, தன் பெயரையும் தகப்பன் பெயரையும் பிழையில்லாமல் எழுதுவாள். சசிகரனின் காலைக் கட்டிக்கொண்டு, மாலை அறுந்து விழ, மூச்சு அடைக்க அழுதாள். அவர் வியர்த்து நின்றார். நான் தடியால் மேசையில் தட்டப் போனேன்.

அப்போது ஜசிந்தா ரீச்சரின் எட்டுப் பேரில் ஒருவன், அபிசன், கதிரையை விட்டு இறங்கி நடந்து வந்தான். அவனும் அழுதுகொண்டுதான் வந்தான். கண்ணீர் இரண்டு கன்னத்திலும் ஓடியது. துடைக்கவும் இல்லை. யதுசாவுக்கு முன்னால் நின்று, "எனக்கும் பயமா கிடக்கு. வா, ரெண்டு பேரும் பயந்துகொண்டே இருப்பம்" என்றான். யதுசா அழுகைக்குள் அவனைப் பார்த்தாள். தகப்பனின் காலில் இருந்து ஒரு கையை எடுத்தாள். பிறகு மற்றக் கையையும் எடுத்தாள். இரண்டு பேரும் போய் ஒரே கதிரையில் நெருங்கி இருந்தார்கள்.

பார்த்தால் மற்ற ஏழு பேரும் மண்டபத்தில் அங்கங்கே அழுகிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். ஒருவரும் அவர்களை அனுப்பவில்லை. ஒருத்தி, "உன்ர அம்மா மத்தியானம் வருவா. என்ர அம்மாவும் மத்தியானம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொருவன் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் இருந்தான். அதிபர் ஒலிவாங்கியில் இரண்டாவது வரி பேசும்போது மண்டபம் அடங்கிவிட்டது. நான் தடியைக் கீழே வைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோசமாகத் தோற்றது அன்றுதான். வாசலில் சசிகரன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை அளக்கிறேன் என்பீர்கள். அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு முன்பே எழுத்துகளைப் பிடித்துவிட்டார்கள். தெரியாததைத் தெரியாது என்று கேட்பதற்கு அவர்களுக்குப் பயம் இல்லை. ஒருத்திக்கு ஆடி மாதம் ஆனது. அபிசனுக்கு ஐப்பசி வரை இழுத்தது, என் உயிரை வாங்கிவிட்டான். ஆனால் ஒரு நாளாவது பாடசாலைக்கு வரமாட்டேன் என்று அவன் நின்றதில்லை.

விழா முடிந்த அன்று பின்னேரமே மதகைக் கடந்தேன். ஜசிந்தா ரீச்சர் பின்பக்கம் வாய்க்காலில் குப்பை அள்ளிக்கொண்டிருந்தார். "ரீச்சர், நான் சொன்னது பிழை" என்று தொடங்கினேன். "பொறுங்கோ, பொறுங்கோ. கையைக் கழுவிட்டு வாறன். இதை ஆறுதலா இருந்து கேக்கோணும்" என்றார். உண்மையாகவே கையைக் கழுவி, கதிரை போட்டு, எனக்கு முன்னால் இருந்து முழுவதையும் கேட்டார். முடிந்ததும், "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றார். வென்றால் வெற்றியை ருசித்துச் சாப்பிடும் ஆள் அவர். பெரிய மனது என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் என்னை அவ்வளவு லேசில் விடவில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதே மண்டபத்தில் அதையே நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். சசிகரன் எழும்பி, தன் மகளுக்கு நடந்ததைச் சொன்னார். அடுத்த வருடம் இடம் போதாமல் வேம்பின் கீழும் பாய் விரித்தார்கள்.

அதன் பிறகு ஜசிந்தா ரீச்சர் தகப்பன்மாரையும் கூப்பிட்டார். மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தவர்கள், தாய்மாரின் வேலைக்கு எங்களை ஏன் கூப்பிட்டார் என்ற முகத்தோடு இருந்தார்கள். பிள்ளை அழுதால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். "வாயை மூடு எண்டுவன்" என்றார் சசிகரன். ஏன் என்று கேட்டார் ரீச்சர். சசிகரன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "எனக்கு ஆறு வயசு. ராவிலை இடம்பெயர்ந்து போகேக்கை அழுதனான். அப்பா வாயைப் பொத்தினவர். அண்டையிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டால் எனக்குக் கை பதறும்." ஜசிந்தா ரீச்சர் சொன்னார். "அண்டைக்கு உங்கட அப்பா செய்தது சரி, தம்பி. உயிர் தப்போணும். இப்ப எங்களை ஆரும் தேடி வரேல்லை. பிள்ளை அழட்டும்." அந்தத் தகப்பன்மாரில் பலர் பிறகு தாங்களே பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவந்து விடத் தொடங்கினார்கள்.

ஜசிந்தா ரீச்சருக்கும் கோபம் வரும். ஒருநாள் ஒரு பிள்ளையில் காரணமில்லாமல் பாய்ந்துவிட்டார். மறுநாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அந்தப் பிள்ளைக்குச் சமமாகக் குந்தியிருந்து, "நேற்று எனக்கு வீட்டில ஒரு கவலை. அதைக் கொண்டுவந்து உன்ர தலையில போட்டுட்டன். உனக்குப் பயமா இருந்திருக்கும்" என்றார். அந்தப் பிள்ளை யோசித்துவிட்டு, "சரி ரீச்சர். இனிமேல் அதை வீட்டில வைச்சிட்டு வாங்கோ" என்றது. இந்தக் கதையை அவரே பத்துப் பேரிடம் சொல்லிச் சிரிப்பார். நான் ஓய்வு பெற்ற பின் வாரத்தில் இரண்டு நாள் அங்கே கதை சொல்லப் போகத் தொடங்கியதற்கும் அந்தச் சிரிப்புத்தான் காரணம்.

ஞாயிறு பின்னேரம் முல்லைத்தீவில், அவர் பிறந்த ஊர்ச் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். தரம் ஒன்பது படிக்கும் அபிசனும் யதுசாவும் வந்திருந்தார்கள். பேருந்தில் திரும்பும்போதும் தாய்மார் அதையே கதைத்தார்கள். வெளிநாடு என்றே சொல்லிவிடுவோம் என்றார்கள். ஆனால் இரவு படுக்கும்போது எனக்கு முடிவு தெரிந்திருந்தது. வெளிநாடு என்று சொன்னால், தங்களிடம் சொல்லாமல் போனதற்கு ஜசிந்தா ரீச்சரில் பிள்ளைகள் கோபிப்பார்கள். அவர் அவர்களிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, இனி அவர் பெயரில் வேறு யாரும் சொல்லக் கூடாது.

திங்கள் காலை ஏழரைக்கே போய் முன்பள்ளியைத் திறந்தேன். பெற்றோர் யன்னலோரம் நின்றார்கள். "சின்னனுகள் தாங்காதுகள், ரீச்சர்" என்று ஒரு தாய் அழுதார். "நாங்கள்தான் தாங்கமாட்டம், பிள்ளை" என்றேன். சசிகரன் வந்து அந்தத் தாய்க்குப் பக்கத்தில் நின்றார். இருபத்தொரு பேரையும் வட்டமாக இருத்தினேன். நானும் அவர்களோடு நிலத்தில் இருந்தேன்.

"ஜசிந்தா ரீச்சர் செத்துப் போனா. அவாவின்ர நெஞ்சு வேலை செய்யிறதை நிப்பாட்டிப் போட்டுது. இனி வரமாட்டா."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வரமாட்டா, ராசா."

"நித்திரையோ?"

"இல்லை. நித்திரையெண்டால் எழும்பலாம். ரீச்சர் இனி எழும்பமாட்டா."

பிறகு ஒருத்தி அழத் தொடங்கினாள். இரண்டாவது, மூன்றாவது பிள்ளையும் அழுதது. யன்னலோரம் தாய்மார் உள்ளே வரப் பார்த்தார்கள். சசிகரன் கையை நீட்டித் தடுத்தார். "அழட்டும்" என்றார். ஒரு பொடியன் கட்டைப் பெட்டியைக் காலால் உதைத்துவிட்டு, "எனக்குக் கோவம்" என்று சுவரோரம் போய் இருந்தான். இன்னொருவன் எழும்பிப் போய், "பக்கத்தில இருக்கட்டோ?" என்று கேட்டான். "வேண்டாம்." "சரி, அப்ப கொஞ்சம் தள்ளி இருக்கிறன்" என்று இரண்டு முழம் தள்ளி இருந்தான். சிலர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். ஒன்றிரண்டு பேர் விளையாடவும் போனார்கள். அவர்களை யாரும் குறை சொல்லவில்லை. நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறையில், அழுகைக்கு நடுவே, எனக்கு ஒரு பெருமை பொங்கி வந்தது. ரீச்சர், பாருங்கோ, நீங்கள் வென்றுவிட்டீர்கள் என்று மனதுக்குள் சொன்னேன்.

அப்போது சசிகரனின் இளையவள் கவினா, நான்கு வயது, என் மடியில் கையை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வசந்தா ரீச்சர், உங்களுக்கு எப்பிடி இருக்கு?"

மூன்று நாளாக என்னிடம் அதை ஒருவரும் கேட்கவில்லை. நல்லா இருக்கிறன் என்று சொல்லியே வளர்ந்தவள் நான். அறுபத்திரண்டு வயதுவரை எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

"எனக்குச் சரியான கவலையா இருக்கு, குஞ்சு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. கவினா என் மடியில் ஏறி இருந்தாள்.

ஜசிந்தா ரீச்சரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்து வைத்திருப்பது அந்த ஒரு பதில்தான். அதைச் சொல்ல அவர் எனக்குப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறார்.